வழக்கை விலக்கிய வக்கீல்



அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனை நீங்கள் அறிவீர்கள். அவர் 1837 முதல் 1861 வரை ஸ்பிரிங்பீல்டு என்னும் சிறு நகரில் குடியிருந்து வக்கீல் தொழில் செய்தவர். 1842-ல் விவாகமாகி, நான்கு ஆண்மக்களுக்குத் தகப்பனானார். ஊர் ஊராய்க் கோர்ட்டுக்கு அலைந்தவர், வீட்டிலே பிள்ளைகளோடு பிள்ளையாய் விளையாடுவார். 1850-ல் இரண்டாம் மகனை நாலு வயது நிரம்புமுன் அடக்கம் செய்த துக்கமும் அவருக்குண்டு.

வாலிபத்தில் தமக்குச் சோறிட்ட குடும்பத்தின் மகன்மேல் கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. தகப்பனோ இறந்துவிட்டான். நிலா வெளிச்சத்தில் கண்டதாகச் சாட்சி சொன்னான் ஒருவன். 1858-ல் நடந்த விசாரணையில் லிங்கன் பஞ்சாங்கத்தைக் காட்டி, அந்நேரம் சந்திரன் அஸ்தமிக்கும் தறுவாயில் இருந்ததென்று ரூபித்தார். மகன் விடுதலையானான். அந்த விதவைத் தாயிடம் அவர் ஒரு காசும் வாங்கவில்லை.

இவ்வளவு திறமையுள்ளவர் மற்ற வக்கீல்களுக்குச் சொன்ன புத்தி என்ன? கூடுமானவரை வழக்கைத் தவிர்த்துச் சமாதானம் செய்துவையுங்கள். ஜெயித்தவனும் செலவிலும் காலத்திலும் தோற்றவனே என்பதுதான்.

பிரியமானவர்களே, வரப்புக்காகவும் பாகத்துக்காகவும் உடன்பிறந்தாரோடு பேசாதிருக்கிறவர்கள் நம்மில் இல்லையா? நமக்காகப் பரிந்து பேசுகிற சேசுநாதர் நம்மிடம் கூலி கேட்டாரா? இன்றைக்கே அந்த வீட்டு வாசற்படி ஏறுங்கள். ஆமென்.