காணும் உரிமையும் காக்கும் கடமையும்

தொற்றுநோய்க் காலத்தில் பள்ளி மாணவரின் விளையாட்டுப் போட்டிகளைப் பார்வையாளர் இன்றி நடத்துவது முறையா என்னும் கேள்வி, மேலோட்டமாகக் காண்போர்க்கு நிருவாகம் சார்ந்த ஒரு சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆடுபவர் ஆடட்டும், பார்ப்பவர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்று கூறி நாம் நகர்ந்துவிடலாம். ஆனால், தம் மகன் ஆடுவதைக் காண இயலாது என்று சொல்லப்பட்ட ஒரு தாய்க்கு அது சிறு செய்தியாகுமா? அவரிடம் எதை இழக்கும்படி கேட்கிறோம் என்பதை உணர்ந்த பின்னரே, அவ்வாறு கேட்பது நீதியா என்று ஆராய நமக்குத் தகுதி உண்டு.

ஜப்பான் நாட்டின் நிஷினோமியா நகரில் 1924இல் திறக்கப்பட்ட கோஷியென் என்னும் பேஸ்பால் அரங்கு இருக்கிறது. 1915இல் வேறோர் இடத்தில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிகளின் கோடைக்காலப் போட்டி, அவ்வரங்கு எழுந்தது முதல் அங்கேயே நடைபெற்று வருகிறது. நாடெங்கும் 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் தகுதிச் சுற்றுகளில் மோதி, அவற்றுள் வென்ற சிலவே அங்கு வந்து சேரும். பள்ளிக்குப் பள்ளி இசைக்குழுவும், ஆரவாரக் குழுவும், பெற்றோரும், பழைய மாணவரும் திரண்டு வருவர். தோற்ற அணியின் மாணவர் கண்ணீரோடு அம்மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் இட்டுக்கொண்டு ஊர் திரும்புவது அங்குள்ள வழக்கம். பள்ளியின் இறுதியாண்டில் இருப்போர்க்கு மறுவாய்ப்பு என்பதே கிடையாது.

2020 மார்ச் 4ஆம் நாள், அவ்வாண்டின் வசந்தகாலப் போட்டியைப் பார்வையாளர் இன்றி நடத்த ஆயத்தம் செய்யப்படும் என அமைப்பாளர்கள் அறிவித்தனர். ஒரே வாரத்தில், மார்ச் 11 அன்று, போட்டியே கைவிடப்பட்டது. மே மாதம் 20ஆம் நாள் கோடைப் போட்டியும் கைவிடப்பட்டது. உலகப் போருக்குப் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை. வசந்தகாலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்த 32 பள்ளிகளை ஆகஸ்டில் அழைத்து, ஒவ்வொன்றும் ஒரேயொரு ஆட்டம் ஆட வழிசெய்தனர். பொதுமக்கள் அனுமதிக்கப்படவில்லை. மாணவரின் குடும்பத்தாரும் உடன்பயிலும் குழுவினரும் மட்டும் இடம்பெற்றனர்.

பார்ப்பது என்றால் என்ன? எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் தன் 12ஆம் அதிகாரத்தில் நம்பிக்கை வாழ்வை ஓட்டப்பந்தயமாக உருவகித்து, ஓடுவோரைச் சூழ்ந்து சாட்சிகள் திரளாக நிற்பதாகக் காட்டுகிறது. பந்தயத்தில் ஓடுபவன் தனியே ஓடவில்லை என்பதே அவ்வுருவகத்தின் ஆறுதல். கல்வாரியில் அன்னை மரியா மகனுக்காகச் செய்ய முடிந்ததும் அதுவே: சிலுவையருகே நின்றார், கண்டார். அவருடைய நிற்றலைச் செயலற்ற நிலை என்று எவரும் கூறார். ஆகவே, பெற்றோர் தம் பிள்ளையின் ஆட்டத்தைக் காண விரும்புவதைப் பொழுதுபோக்கு என்று எளிதாகத் தள்ளிவிடுவது அன்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கலாமே, காணலாமே என்பவர்க்கு நாம் ஒன்று கூறுவோம்: ஆடுகின்ற பிள்ளை அதே நேரத்தில் தன் தாயைக் காண முடியாதே.

எனினும், அரங்கினுள் இருப்பவர் மட்டும் நம் அயலார் அல்லர். 1991ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில், கூரை மூடிய அரங்கு ஒன்றில் சிறப்பு ஒலிம்பிக் போட்டிகளின் தொடக்க விழா நடைபெற்றது. தட்டம்மை கண்டிருந்த விளையாட்டு வீரர் ஒருவர், தம் நிலை அறியாமல் அதில் பங்கேற்றார். பின்னர் நோயுற்றோரை ஆராய்ந்தபோது, வீரர்கள் நுழைந்த இடத்திற்கு 30 மீட்டருக்கும் மேலே, மேல்தள இருக்கைகளில் அமர்ந்திருந்த இருவரும் அவர்களுள் இருந்தனர். அவ்வீரரை அவர்கள் நெருங்கியதும் இல்லை. கோஷியென் திறந்தவெளி அரங்கு. காற்று ஓடும் இடம். ஆனால் அங்கு வருவோர் வானிலிருந்து இறங்கி வருவதில்லை. நெரிசலான இரயிலில் வருகின்றனர். வரிசையில் நெருங்கி நிற்கின்றனர். தொண்டை வற்றக் கூவுகின்றனர். மாலையில் முதிய பாட்டனும் பாட்டியும் காத்திருக்கும் வீட்டிற்குத் திரும்புகின்றனர். அந்த முதியோர் எந்த அணிக்கும் கைதட்டவில்லை.

சிலைகளுக்குப் படைக்கப்பட்ட இறைச்சியை உண்பதில் தவறில்லை என்று அறிந்திருந்தும், வலுவற்ற ஒரு சகோதரனின் பொருட்டு அதை விட்டுவிட ஆயத்தமாக இருந்தார் தூய பவுலடியார். தமக்கு உரிமை உள்ளதாகவே இருந்தும் பிறர்க்காக அதைத் துறப்பது என்னும் அந்நெறி இங்கும் பொருந்தும். 1576இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ தெருச்சந்திகளில் பீடங்கள் அமைக்கச் செய்தார். வீட்டை விட்டு வெளியேறலாகாத மக்கள் தம் சாளரங்களில் நின்றே திருப்பலி கண்டனர். கோவில் வாயில் மூடியிருந்தும் காண்பதற்கு ஒரு வழி காணப்பட்டது. 2020ஆம் ஆண்டின் புனித வாரத்தை வீட்டுச் சுவர்களுக்குள் கழித்த நமக்கு அதன் அருமை புரியும். அதன் வலியும் புரியும்.

இங்கு நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. மாணவர் போட்டி கைவிடப்பட்ட அதே ஆண்டு ஜூன் 19 அன்று, ஜப்பானின் தொழில்முறை பேஸ்பால் போட்டிகள் பார்வையாளர் இன்றித் தொடங்கின. ஜூலை 10 முதல் 5,000 பேர் வரை அனுமதிக்கப்பட்டனர். நாட்டின் பல திசைகளிலிருந்தும் மாணவர் பயணம் செய்து ஒன்றாகத் தங்க நேரும், நீண்ட நாள் மூடிக்கிடந்த பள்ளிகள் கோடை விடுமுறையைக் குறைத்துப் பாடம் நடத்த வேண்டியிருந்தது என்னும் காரணங்கள் கூறப்பட்டன. அவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆயினும் பொருள் ஈட்டும் ஆட்டத்திற்கு வழி தேடுவதில் உலகம் காட்டும் முனைப்பு, பதினேழு வயதினரின் ஆட்டத்திற்கும் காட்டப்படுகிறதா? துறவு கோருவோர், அதை முதலில் பெரியோரிடமே கோரட்டும். மூத்தவர்களின் இருக்கைகள் காலியாகட்டும். மைதானம் கடைசியாகவே காலியாகட்டும். அப்படியும் ஒரு சில இருக்கைகளுக்கு இடமிருந்தால், அவை செல்வாக்குள்ள விருந்தினர்க்கு அல்ல, பெற்றோர்க்கே உரியவை. அந்த ஆகஸ்டு மாத ஏற்பாடு இவ்வகையில் பாராட்டத்தக்கது.

2021இல் கோடைப் போட்டி மீண்டும் நடந்தது. பொதுமக்களுக்கு நுழைவுச்சீட்டு விற்கப்படவில்லை. பள்ளியைச் சார்ந்தோரே வந்தனர். சென்டாய் நகரில் சீர்திருத்தச் சபை மறைப்பணியாளரின் முயற்சியால் 1886இல் உருவான தோஹோகு காகுயின் என்னும் கிறிஸ்தவக் கல்வி நிலையத்தின் பள்ளி அணி, தன் முதல் ஆட்டத்தில் வென்றது. பின்னர் மாணவர் ஒருவர்க்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. அவரையும் அவரோடு நெருங்கியிருந்தோரையும் விலக்கிவிட்டு மற்றவர்களைக் கொண்டு ஆடியிருக்கலாம். ஆனால் களத்தில் யார் இல்லை என்பதைக் கொண்டே, நோயுற்றவர் யாரென நாடு முழுவதும் அறிந்துவிடும் என்று பள்ளி கருதியது. அணி முழுவதும் விலகிக்கொண்டது. அடுத்த சுற்றில் அவர்களை எதிர்கொள்ள இருந்த அணி ஆடாமலேயே முன்னேறியது.