யார் தோளில் பாரம்?

வெளிநாட்டில் ஒருவர் பாய்மரப் படகு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 அடிப் படகு. விலை பேசி முடித்தாயிற்று. அப்புறம்தான் அடுத்த கேள்வி வருகிறது: இதை எதில் ஏற்றுவது, எங்கே வைப்பது?

அதற்கென்றே டிரெய்லர் இருக்கிறது. ஆனால், கண்ணுக்குப் பிடித்ததை வாங்கிவிட முடியாது. படகு, உள்ளே கிடக்கும் சாமான், டிரெய்லரின் சொந்த எடை... எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இழுக்கிற வண்டிக்கு அந்தத் தெம்பு வேண்டும். பாரம் படகின் அடிக்கட்டையில் உட்கார வேண்டும். பக்கத்துத் தாங்கிகள் சாயாமல் பிடித்தால் போதும்; மொத்த பாரத்தையும் அவற்றின் மேல் ஏற்றினால் படகின் வயிறே உள்வாங்கிவிடும். சும்மா நின்றால்கூட டயர் வெடிப்பு விடும்!

'குடமுருட்டியில தண்ணி வர்றதே சில மாசம். வலங்கைமான்காரனுக்கு இந்தக் கதை எதுக்கு சார்?' என்கிறீர்களா? இருங்கள்.

திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். அலங்காரத்தோடு 96 அடி. ஏறக்குறைய 300 டன். 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்ற தேர், 1970-ல்தான் மறுபடி வீதிக்கு வந்தது. திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்குத் துணை. தேரைச் செய்வது ஒரு காரியம். காப்பாற்றி நகர்த்துவது வேறு காரியம். அதே ஊர் கமலாலயத்தில் தெப்பம் விடுகிறார்கள். பேரல்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். விழா முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். வைத்துக் காப்பாற்றும் கவலையே இல்லை.

நாம் எதையெல்லாம் தேராகச் செய்கிறோம், எதையெல்லாம் தெப்பமாகக் கட்டுகிறோம்?

டெல்டாவில் ஊருக்கு நாலு வீடு பார்க்கலாம். பிள்ளை சிங்கப்பூரில். இங்கே இரண்டு மாடி, கிரானைட் தரை. வருஷத்தில் பத்து நாள் அவன் வருகிறான். மிச்ச நாளெல்லாம் முழங்கால் வலியோடு மாடியேறி, ஜன்னலைத் திறந்து, ஒட்டடை அடிப்பது எழுபது வயது அம்மா. வீடு அவன் பேரில். பாரம் அவள் காலில்.

'அம்மாவுக்கு அதுல எவ்வளவு பெருமை தெரியுமா?' என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். தேர் வடம் பிடிக்கிறவனுக்கும் பாரம் தெரிவதில்லை. ஆனால், அவன் தானே வந்து பிடிக்கிறான்; கை வலித்தால் விட்டுவிட்டு நகர்ந்துகொள்ளலாம். அம்மா சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு நகர்வாள்? பெருமைப்படுகிறாள் என்பதற்காக, அவளைக் கேட்டுத்தான் செய்தோம் என்று ஆகிவிடுமா?

வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக்காவடி. நோயிலிருந்து பிழைத்தவர் பச்சை மூங்கில் பாடையில் படுக்க, சொந்தக்காரர்கள் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றுகிறார்கள். யார் தோளில் போகிறோம் என்பது படுத்திருப்பவருக்குத் தெரியும். சுற்று முடிந்ததும் எழுந்து, தன் காலில் வீட்டுக்கு நடப்பார்.

நம் ஆசைகளில் பல, ஏறிய தோளை விட்டு இறங்குவதே இல்லை. தோள் யாருடையது என்றுகூட நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை பெரிதாக ஒன்று வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். வாங்கின மறுநாளிலிருந்து இதை யார் சுமக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஆளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் 'வேண்டாம்ப்பா' என்று சொல்ல இடம் கொடுத்துக் கேளுங்கள்.