யாருடைய ஞாபகம்?

ஒரு பொருள் எப்போது குப்பையாகிறது? உடைந்தவுடன் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு கால் போன மூக்குக்கண்ணாடியை இருபது வருஷமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கும் வீடுகள் உண்டு. அப்பா போட்டுக்கொண்டிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இராது. கொஞ்சமும் பழுதில்லாத வெண்கலச் செம்பு பழைய இரும்போடு சேர்ந்து எடைக்குப் போவதும் உண்டு. ஆகவே பழுதுக்கும் குப்பைக்கும் நாம் நினைக்கிற அளவு சம்பந்தமில்லை. இது இன்னாருடையது என்று சொல்லக்கூடிய கடைசி மனுஷர் என்றைக்குப் போய்ச் சேருகிறாரோ, அன்றைக்கே அந்தப் பொருள் குப்பையாகிவிடுகிறது.

அப்படிக் கேட்பாரற்றுப் போனதை வேறொருவர் எடுத்து அழகு செய்து வைக்கலாமா, வைத்தால் அதைப் பற்றி எதுவரை பேச அவருக்குப் பாத்தியதை உண்டு என்பதே இங்கே என் கேள்வி.

புதுவையிலிருந்து வில்லியனூர் போகிற சாலையில் உள்ள எங்கள் ரெட்டியார்பாளையத்தில் இது வெறும் தத்துவக் கேள்வியல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படி முடிவாயிற்று. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களிலும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்களின் குடும்பங்களிலும் பிள்ளைகள் பலர் பிரான்ஸில் குடியேறினார்கள். வீட்டுக்குக் காவலாகக் கிழவர்கள் மிஞ்சினார்கள். அவர்களும் போன பிறகு வீடு கைமாறும், பிறகு இடிபடும். உத்தரமும் கதவும் மரக்கடைக்குப் போகும். பித்தளை எடைக்குப் போகும். மீதமிருப்பது ஒரு சாக்கில் காயலான் கடைக்கு வந்து சேரும். அந்தச் சாக்கில் சாவி இருக்கும், பூட்டு இருக்காது. கடிதத்தின் உறை இருக்கும், கடிதம் இருக்காது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரோடியர் மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர். 1898-ல் ஆரம்பித்த அந்த மில் 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. அவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். இந்தச் சாக்குகளைக் கிளறுவது அவருக்கு நித்திய காரியம். எடுத்து வருவதைக் கொண்டு கண்ணாடிப் பெட்டிகள் செய்கிறார். ஆங்கிலத்தில் ஷேடோ பாக்ஸ் என்பார்கள். நாம் நிழற்பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இடிந்த வீட்டு ஜன்னல் பலகையில் நாலு விரற்கடை ஆழத்துக்கு ஒரு பெட்டி செய்துகொள்வார். உள்ளே பின்பலகையில் பழைய கணக்குப் புஸ்தகத் தாளை ஒட்டுவார். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். பொருள்களை மட்டும் ஒட்டமாட்டார். நூலாலோ செப்புக் கம்பியாலோ கட்டி, பின்பலகையில் படாமல் சற்று முன்னே தள்ளி நிறுத்துவார். கண்ணாடி போட்டுப் பக்கவாட்டில் வெளிச்சம் விழ வைத்தால், ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் அதன் நிழல் நிற்கும். ஒரு பெட்டியில் தறி நாடா, நூலில்லாத பாபின், பட்டாளச் சட்டையின் பித்தளைப் பொத்தான், பூட்டில்லாத சாவி. ஒன்றுக்கொன்று ஒட்டுறவு கிடையாது. ஆனாலும் அதன் முன்னால் நின்றால் நகர மனம் வராது. இது கலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொரு பெட்டியில்தான் என் சங்கடம் ஆரம்பித்தது. தடித்த அட்டையில் ஒட்டிய பழைய கல்யாணப் படம். மாப்பிள்ளை கோட்டு போட்டிருக்கிறார். பெண்ணுக்குப் பதினாறு வயதிருந்தால் அதிகம். அவள் மட்டும் வேறெங்கோ பார்க்கிறாள். படத்துக்குக் கீழே ஓர் உடைந்த கண்ணாடி வளையல். பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்றுதான் சொன்னார்கள்.

"அந்த வளையல் அவங்களுதா அண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லை தம்பி, அது வேற சாக்குல வந்தது."

"பார்க்கிறவங்க அந்தப் பொண்ணு தாலியறுத்ததா இல்லே நினைச்சுக்கிறாங்க?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் எடுக்கலேன்னா இந்தப் படம் அடுப்புக்குத்தான் போயிருக்கும்" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம். ஆனால் அந்நிய தேசங்களின் சிலைகளைத் தங்கள் ஊர்க் காட்சிசாலைகளுக்குக் கொண்டுபோனவர்களும் காப்பாற்றினோம் என்றே சொன்னார்கள். காப்பாற்றியதால் ஒரு கடமை வந்து சேருகிறது, பாத்தியதை வருவதில்லை. கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கியவன் நல்லவன்தான். அதற்காக அந்தக் குழந்தைக்கு அவன் வேறு பெயர் வைத்துவிட முடியுமா?

இந்தக் கலையில் பெரும்பெயர் பெற்றவர் அமெரிக்காவின் ஜோசப் கார்னெல். 1903-ல் பிறந்து 1972-ல் இறந்தவர். ஓவியப் பள்ளியில் படித்தவரல்லர். துணி வியாபாரத்தில் விற்பனையாளராக இருந்தவர். நியூயார்க் நகரின் ஒரு பகுதியான குவீன்ஸில், தாயாரோடும் நோயாளித் தம்பியோடும் வாழ்ந்து, வீட்டின் நிலவறையில் பெட்டிகள் செய்தார். ஐரோப்பாவைக் கண்ணால் காணாமலே பிரெஞ்சு ஹோட்டல்களின் பெயர்களை வைத்துப் பெட்டிகள் அமைத்தார். 1972-ல் குழந்தைகளுக்காக ஒரு கண்காட்சி வைத்தபோது, பெட்டிகள் குழந்தைகளின் கண்மட்டத்தில் இருக்கும்படி ஏற்பாடு செய்தார். அவருடைய பெட்டிகளிலும் மனித முகங்கள் உண்டு. இத்தாலியப் பிரபு குலத்துச் சிறுவர் சிறுமியரின் புராதன ஓவியங்களைப் பிரதியெடுத்து, சுற்றிலும் விளையாட்டுச் சாமான்களை வைத்தார். அந்த ஓவியங்கள் உலகம் அறிந்தவை. பக்கத்தில் கோலிக்குண்டை வைத்தால், அந்தச் சிறுவன் அந்தக் கோலியை ஆடினான் என்று யாரும் நம்பிவிடமாட்டார்கள். அது கற்பனை என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது.

வளையல் என்றதும் சண்டிகார் ஞாபகம் வருகிறது. அங்கே சாலை இன்ஸ்பெக்டராக இருந்த நேக் சந்த் என்பவர், ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ரகசியமாக வேலை செய்து, கழிவுப் பொருள்களைக் கொண்டே ஒரு தோட்டத்தை உண்டாக்கினார். 1976-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்குள்ள பொம்மைகளில் உடைந்த வளையல்கள் ஏராளம். அவை எந்தப் பெண்ணைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. நிறமாக மட்டுமே நிற்கின்றன. அங்கே குற்றமில்லாத வளையல், இங்கே ஒரு முகத்துக்குக் கீழே வந்தவுடன் சாட்சி சொல்லத் தொடங்கிவிடுகிறது.

புதுவைக்குத் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. ஊர்ச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கிய மணிகளை ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் காசு கொடுத்து வாங்கி வந்தார். 1937-ல் மனிதத் தலை செதுக்கிய ஒரு கல் கிடைக்க, அது ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் உருவம் என்று அவர் கருதினார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே முறைப்படி அகழ்ந்தார். அந்த மணிகளும் யாரோ ஒருத்தியின் கழுத்தில் கிடந்தவைதாம். ஆனால் அகழ்கிறவர் எந்த மண்ணடுக்கில் எது எதோடு கிடந்தது என்று குறித்து வைக்கிறார். பக்கத்தில் கிடந்தது வேறு. பக்கத்தில் வைத்தது வேறு. பெட்டி செய்கிறவர் வைக்கிறவர். வைப்பதுதான் அவர் கலை. ஆனால் வைத்ததைக் கிடந்ததுபோலக் காட்டினால், இல்லாத ஒரு வாழ்க்கையை இருந்த ஒருத்தியின் தலையில் கட்டுகிறார். அந்தப் பெண் கணவரோடு தொண்ணூறு வயது வரை வாழ்ந்திருக்கலாம். அதைச் சொல்ல அவள் வரப்போவதில்லை. ஆகையால்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

1878-ல் இயற்றிய இந்தியப் புதையல் சட்டம் ஒன்று உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கு உரிமை கோருகிறவர்கள் வரலாம் என்று கலெக்டர் விளம்பரம் செய்ய வேண்டும். பூமிக்குள் கிடந்த பொன்னுக்கு இவ்வளவு மரியாதை. சாக்குக்குள் கிடந்த முகத்துக்கு ஒரு சட்டமும் இல்லை; எடுக்கிறவருடைய மனச்சாட்சிதான் கலெக்டர்.

பெரியவர் பிற்பாடு என்னிடம் ஒன்றும் விவாதிக்கவில்லை. அடுத்த மாதம் போனபோது பெட்டியில் வளையல் இல்லை. படம் தனியாக நின்றது. அட்டையின் கீழே அச்சிட்டிருந்த ஸ்டுடியோ பெயரை முன்பு சட்டம் மறைத்திருந்தது. இப்போது அது தெரிந்தது. பின்பலகையில் ஆணியை எடுத்துவிட்டுத் திருகு வைத்திருந்தார். "எங்க வீட்டு ஆளுங்கன்னு யாராவது வந்தா கழட்டிக் குடுத்துடலாம் இல்லையா?" என்றார்.

பெட்டி முன்னைவிட அழகாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். வளையல் இருந்தபோது கண் அங்கே போய் நின்றது, இப்போது நிற்பதில்லை. யாரும் பாவம் என்று சொல்வதுமில்லை. "யார் இவங்க?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி அது ஒன்றுதான். கலையில் கொஞ்சம் குறைந்து இந்தக் கேள்வி கிடைக்குமானால், அது நஷ்டமில்லை என்பது என் அபிப்பிராயம்.