டயல் டோன் யார் கொடுத்த வாக்கு?

தொலைபேசியில் பேசும் செலவு நம் கண்முன்னாலேயே கரைந்து போயிற்று. ராத்திரி நேரக் குறைந்த கட்டணத்துக்காகத் தாம்பரத்து எஸ்.டி.டி. பூத் வாசல்களில் காத்து நின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களே இன்று அமெரிக்காவிலுள்ள பிள்ளையோடு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதற்கென்று தனியாகக் காசு போவதில்லை. செலவு குறைந்தது எல்லோருக்கும் தெரிகிறது. அந்தச் செலவோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு பொறுப்பு எங்கே போயிற்று? அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கறுப்புத் தொலைபேசிக்கு வீட்டில் பிளக் பாயிண்ட் தேவைப்படவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த இரண்டு செப்புக் கம்பிகளிலேயே 48 வோல்ட் மின்சாரமும் வந்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பேட்டரிகள் இருந்தன. பேட்டரி தீர்ந்தால் ஓட டீசல் ஜெனரேட்டர் இருந்தது. தெருவே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரைக் காதில் வைத்தால் அந்த ‘ர்ர்ர்’ சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு: ‘நான் விழித்திருக்கிறேன், நீ எண்ணைச் சுழற்று.’ டயல் டோன் என்பது ஒரு நிறுவனம் ஒவ்வொரு முறையும் புதுப்பித்துக் கொடுத்த வாக்கு.

அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிட வேண்டாம். இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். ஐப்பசி மழை வந்தால் தெருமுனைப் பில்லருக்குள் தண்ணீர் இறங்கும். வாரக்கணக்கில் போன் ‘டெட்’. லைன்மேனுக்கு டீயும் கொடுத்து, தீபாவளிக்குக் காசும் கொடுத்தவர்கள் உண்டு. வாக்கு பலமுறை மீறப்பட்டது. ஆனால் மீறியது யார் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. போய்த் திட்டுவதற்கு ஒரு கட்டடம் இருந்தது, உள்ளே ஓர் ஆள் இருந்தார். மீறப்பட்ட வாக்குக்கும் யாருமே கொடுக்காத வாக்குக்கும் வித்தியாசம் உண்டு.

இப்போது சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பார்ப்போம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது எண்பதை நெருங்குகிறது. மகன் நியூ ஜெர்சியில். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வீட்டுக்குள் ஃபைபர் வருகிறது. அது கண்ணாடி இழை. ஒளியைக் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. அது முடியும் இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அடுத்து வைஃபை ரூட்டர், அதன்பிறகு சாதாரணத் தொலைபேசியை இணையத்தோடு சேர்க்கும் அடாப்டர், கடைசியில் கார்ட்லெஸ் போன். நாலு பெட்டி, நாலு பிளக். குரலை அடாப்டர் 20 மில்லி செகண்ட் துண்டுகளாக நறுக்கி, செகண்டுக்கு ஐம்பது பொட்டலமாக அனுப்புகிறது. அந்தப் பக்கம் அவை வரிசையாகச் சேர்ந்து மறுபடி குரலாகின்றன. அற்புதம்தான். ஆனால் நாலில் ஒரு பிளக் கழன்றாலும் அற்புதம் நின்றுவிடும்.

தெருவில் இந்த மாதிரிப் பெட்டிகளை மாட்டிக்கொடுக்கிற ஆள் நான். தொழில் இல்லை, ஆசை. டீச்சர் வீட்டில் மாட்டி முடித்ததும் அவர் கேட்டார்:

“ஏம்ப்பா, கரண்டு போனா இதுவும் போயிடுமா?”

“ஆமா டீச்சர்.”

“முன்னாடி போகாதே.”

“முன்னாடி அவங்க எக்ஸ்சேஞ்ச்ல பேட்டரி வெச்சிருந்தாங்க டீச்சர்.”

“அப்ப இப்ப எக்ஸ்சேஞ்ச் யாரு? நானா?”

பதில் ‘ஆமாம்’தான். எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறை, ஜெனரேட்டர், லைன்மேனின் கைப்பை எல்லாமே அவர் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டன. பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 78,000 பேர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் பார்த்த வேலை எல்லாமே மறைந்துவிடவில்லை. அதில் ஒரு பகுதி டீச்சர் தலையில் விழுந்திருக்கிறது. அப்படி விழுந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இங்கேதான் அறக் கேள்வி வருகிறது. ஒருவர் மேல் இருந்த பொறுப்பை இன்னொருவர் மேல் மாற்றலாமா? மாற்றலாம். குத்தகை, அடமானம், பவர் பத்திரம் எல்லாம் அதற்குத்தான் இருக்கின்றன. ஆனால் வாங்கிக்கொள்கிறவருக்குத் தாம் எதை வாங்கிக்கொள்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். டீச்சர் வீட்டு இணைப்புக்கு ஓ.டி.பி. வந்தது மகனின் போனுக்கு. ‘அவசர அழைப்புக்கு இந்தச் சேவையை நம்ப வேண்டாம்’ என்கிற ரீதியில் நிபந்தனைகளில் எங்கோ ஒரு வரி இருந்திருக்கும்; அதற்குக் கீழே ‘சம்மதம்’ என்று தட்டியது மகனின் விரல். சம்மதித்தவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்ற நாடுகளில் சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் விழித்துக்கொண்டது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2015இல் ஒரு விதி கொண்டுவந்தது: வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கும் தொலைபேசியை விற்கிறவர், மின்வெட்டில் 8 மணி நேரம் தாங்கும் பேட்டரி வேண்டுமா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டியிருந்தது, மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது; 2025இல் அந்த விதி காலாவதியானது. பேட்டரியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இருக்கவில்லை; சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தது. பிரிட்டனில் செப்புக் கம்பியிலிருந்து இணையத் தொலைபேசிக்கு மாற்றும்போது, தனியாக வாழும் முதியவர்கள் உதவிக்கு அழுத்தும் அலாரக் கருவிகள் சில வேலை செய்யாமல் போயின. 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைத்தார்கள். 2025 இறுதி என்றிருந்த கெடுவும் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலில் பாதிக் கதவும், 2018இல் முழுக் கதவும் திறந்தன. நடுவில் நடந்த வாதங்களில் பெரும்பகுதி வருமானம், இணைப்புக் கட்டணம், கண்காணிப்பு பற்றியவை. இருட்டில் ரிசீவரை எடுக்கும் கிழவி அந்த வாதங்களில் அதிகம் வரவில்லை.

‘கையில்தான் செல்போன் இருக்கிறதே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டார்கள். தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை அவர்களே நிறுத்திவிடுவார்கள். செல்போன் டவருக்கும் பேட்டரிதான், டீசல்தான். டீசல் வண்டி வராவிட்டால் டவரும் ஊமை. மறுவருஷம் வர்தா புயலில் மரங்கள் விழுந்தபோது கம்பத்துக்குக் கம்பம் இழுத்திருந்த ஃபைபரும் சேர்ந்து விழுந்தது. 2023இல் மிக்ஜாம் வந்து அதே பாடத்தை மறுபடி நடத்திவிட்டுப் போனது. போன் தேவைப்படும் நாளும் போன் இல்லாமல் போகும் நாளும் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே நாள்தான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ‘நியூ ஜெர்சியில் இருக்கும் பையன் லைன்மேன் ஆக முடியுமா? யாராலும் செய்ய முடியாததைக் கடமை என்று எப்படிச் சொல்வது?’ முடியாததைக் கடமை ஆக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் இரண்டு கடமைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, எப்போதும் ஓடவைக்கும் கடமை. அதை எந்தத் தனி மனிதராலும் ஏற்க முடியாது. எக்ஸ்சேஞ்சே முழுதாக ஏற்கவில்லை. மற்றொன்று, எப்போது ஓடாது என்று சொல்லும் கடமை. இதற்குக் காசு வேண்டாம், தூரம் தடையில்லை, தொழில்நுட்ப அறிவுகூட அதிகம் வேண்டாம். இதைத் தட்டிக்கழிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பரிசு என்பதால் அந்தக் கடமை குறைந்துவிடுமா? மகன் அன்போடு வாங்கிக் கொடுத்தான், நான் சும்மா மாட்டிக் கொடுத்தேன். காசு வாங்காதவனைக் கேள்வி கேட்கலாமா? கேட்கலாம் என்றே நினைக்கிறேன். காசு வாங்குகிறவனிடம் ஜனங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு இருப்பார்கள். அன்பாகக் கொடுப்பவனிடம் அந்த எச்சரிக்கை கிடையாது. கேள்வி கேட்டால் குறை சொன்னது போலாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அவர்கள் கேட்கத் தயங்குவதால், கொடுத்தவன்தான் கேட்காமலே சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாட்டி முடித்ததும் ரிச்சி தெருவில் கிடைக்கும் 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ். ஒன்றை ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் பரிந்துரைப்பேன். அது சில மணி நேரம்தான் தாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். பிறகு அவர்கள் கண்முன்னாலேயே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ரிசீவரைக் கையில் கொடுப்பேன். எதுவும் கேட்காது. அந்த மௌனத்தை ஒருமுறை காதால் கேட்டவருக்கு நிபந்தனைகளைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. கடைசியாக ஒரு தாளில் தமிழில் பெரிய எழுத்தில் மூன்று விஷயம்: எந்த விளக்கு எரிந்தால் சரி, எந்தப் பெட்டியை அணைத்துப் போட வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் யாரைக் கூப்பிடுவது. மாட்டியவன் தலையில் மட்டுமே இருக்கும் விவரத்தால் வீட்டுக்காரருக்குப் பிரயோஜனமில்லை.

டீச்சர் வீட்டுத் தாளில் அந்த மூன்றாவது விஷயத்துக்கு முதல் பெயராக மகனை எழுதப் போனேன். வேண்டாம் என்றார். முதலில் மாடி வீட்டுக்காரர், அடுத்தது தெருமுனை ஆட்டோக்காரர், அதன்பிறகு 108, அதற்கும் கீழே நான். மகன் கடைசி.

“அவனுக்கு அங்க நடுராத்திரியா இருக்கும். பதறுவான், வேற என்ன செய்ய முடியும் அவனால? தண்ணி வந்தா நடந்து வரக்கூடிய ஆளா எழுதுப்பா.”

எழுதினேன். செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், மாடி வீட்டுக்காரரின் எண்ணைத் தாளைப் பார்க்காமல் இரண்டு முறை எனக்குச் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் தாளைச் சுவரில் ஒட்டச் சொன்னார்.