யாருடைய எளிமை?

சென்னையிலிருந்து விடியற்காலையில் பைக்கை எடுத்தால், திண்டிவனத்தில் டிபனை முடித்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் செஞ்சிக்குப் போய்விடலாம். சுமார் 150 கிலோமீட்டர். திண்டிவனத்தில் திருவண்ணாமலை ரோட்டைப் பிடித்துக் கொஞ்ச தூரம் போனதுமே காட்சி மாறும். யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைக் குன்றுகள். நடுவே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. மொகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்த கோட்டை. 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அப்புறம் கேட்கணுமா? இப்படி ஒரு ரோடும் இப்படி ஒரு மலையும் புல்லட் வைத்திருப்பவரைச் சும்மா இருக்க விடாது.

தாராளமாகப் போய் வாருங்கள். வேகம் பாவம், பைக் வீண் என்றெல்லாம் நான் உபதேசம் செய்யப்போவதில்லை. திரும்பி வந்தபிறகு உங்கள் செல்போனில் இருக்கும் படங்களை மட்டும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். கோட்டை பத்துப் படம் இருக்கும். மீதியெல்லாம்? மாட்டு வண்டி, ஓட்டு வீடு, தலையில் புல்லுக்கட்டோடு நடக்கிற பாட்டி. கூடவே நண்பர்களுக்கு ஒரு வரி: 'இதுதான்யா வாழ்க்கை!'

இங்கேதான் ஒரு கேள்வி. நாம் ரசித்தது அந்தப் பாட்டியின் எளிமையையா, இல்லாமையையா?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற பகுதி. ஆமிஷ் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே நிறைய வாழ்கிறார்கள். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள். குதிரை வண்டிதான். வீட்டுக்குப் பொது மின்சார இணைப்பு வாங்க மாட்டார்கள். அந்தப் பச்சை வயல்களுக்கு நடுவே பைக்கில் போவது அமெரிக்கர்களுக்குப் பெரிய சந்தோஷம். குதிரை வண்டியைப் பார்த்ததும் கேமராவை நீட்டுவார்கள். போஸ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது அகந்தை என்று நினைப்பவர்கள் ஆமிஷ்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவர்களைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக ஒரு கருவி வந்தால் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். 'இது நம்மை ஒருத்தரோடு ஒருத்தர் சேர்க்குமா, பிரிக்குமா?' டெலிபோன் வேண்டும், ஆனால் அது வீட்டுக்குள் வேண்டாம் என்று வெளியே ஒரு சின்ன அறை கட்டி, அதில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, யோசித்து, 'சரி, இருக்கிறேன்' என்று சொன்ன பிறகுதான். சொல்லிவிட்டு விலகினால் சமூகம் ஒதுக்கி வைக்கும். அந்தக் கடுமையும் உண்டு. ஆனாலும், அந்தக் குதிரை வண்டி அவர்களாகத் தேர்ந்தெடுத்தது.

ஆமிஷைத் தேடி அமெரிக்காவுக்குப் போவானேன்? செஞ்சியைச் சுற்றிலும் தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக. அங்கே இருக்கிற பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் துறந்ததைச் சொல்கிறது.

ஐம்பத்தேழு நாள்! யோசித்துப் பாருங்கள். பஞ்ச காலத்தில் ஒருவன் அதே 57 நாள் சோறில்லாமல் செத்திருந்தால் அவனுக்குக் கல்வெட்டு உண்டா? வயிறு ஒன்றுதான், பசி ஒன்றுதான். ஆனால் முதலாவதற்கு நோன்பு என்று பெயர். இரண்டாவதற்குப் பட்டினி என்று பெயர். நம் பாஷை எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது! ஒன்றைக் கும்பிடலாம். இன்னொன்றுக்குச் சோறு போட வேண்டும். பட்டினியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டால் அது பக்தி இல்லை, பாவம்.

எளிமைக்கும் ஏழ்மைக்கும் இதே வித்தியாசம்தான். நம்மிடம் இருந்தும் 'போதும்' என்று நிறுத்தினால் எளிமை. கிடைக்காததால் நின்றுபோனால் ஏழ்மை. புல்லுக்கட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். 'பேரன் ஒரு மொபெட் வாங்கினா தேவலை, ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நிக்க முடியலப்பா' என்பாள். அவள் பேரன் மொபெட் வாங்கி, ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டினால், அடுத்த வருஷம் நாம் என்ன சொல்வோம்? 'கிராமமே கெட்டுப்போச்சு சார்!' நமக்கு 350 சிசி வேண்டும். நாம் பார்த்து ரசிக்க அவளுக்கு மாட்டு வண்டி போதும். என்ன நியாயம் இது?

இன்னொன்று. அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோட்டில் கொள்ளையும் உளுந்தையும் செடியோடு பரப்பியிருப்பார்கள். வண்டிகள் ஏறினால் தானியம் உதிரும். பைக் சறுக்கும், ஆளே விழலாம். ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் 'அறிவில்லையா?' என்று கத்துவதற்கு முன் ஒரு நிமிஷம். அந்த ஊரில் எல்லோருக்கும் போதுமான களம் இருக்கிறதா? அதே உளுந்தை முறத்தில் புடைக்கிற பெண்ணை மட்டும் 'எவ்வளவு அழகு' என்று படம் எடுக்கிறோமே!

அப்படியென்றால் எதையுமே ரசிக்கக் கூடாதா? ரசியுங்கள். ஊருக்குள் வேகத்தைக் குறையுங்கள். படம் எடுப்பதற்கு முன் 'எடுத்துக்கட்டுமா பாட்டி?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அவர்கள் வீட்டுக்கு மிக்சியும் மொபெட்டும் வந்தால் மனசார சந்தோஷப்படுங்கள்.

எளிமை அவ்வளவு பிடித்திருக்கிறதா? ரொம்ப நல்லது. அதை அவர்கள் தலையில் வைத்துவிட்டு வராமல், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். வேண்டாத ஒரு பொருளை வாங்காமல் விடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது செல்போனை அடுத்த அறையில் வையுங்கள். 'போதும்' என்கிற வார்த்தையை நம்மைப் பார்த்து நாமே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரைப் பார்த்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.