1.4 பிள்ளை பெற்றவள் யார்?

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 1.4. அதாவது ஒரு பெண்ணுக்கு 1.4 பிள்ளை. தலைமுறை சுருங்காமலிருக்க 2.1 வேண்டும் என்பார்கள்.

சரி, இந்த எண் எங்கிருந்து வருது? 15 முதல் 49 வரை ஒவ்வொரு வயதுப் பெண்களும் அந்த ஒரே வருடத்தில் சராசரியாகப் பெற்ற குழந்தைகளைக் கூட்டுகிறார்கள். இன்றைய 20 வயதுக்காரியையும் இன்றைய 40 வயதுக்காரியையும் ஒட்டவைத்துச் செய்த கற்பனைப் பெண்ணின் கணக்கு அது. பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப் படிக்கப் போகும் பெண்கள் கல்யாணத்தை ஐந்து வருடம் தள்ளிவைத்தால் போதும். பின்னால் இரண்டு பெற்றாலும் இடைப்பட்ட வருடங்களில் எண் சரியும்.

ஆனால் சரிவு வெறும் கணக்கு மாயையும் இல்லை. பெண்கள் படித்தார்கள். பிறந்த குழந்தைகள் பிழைத்தன. 'நாமிருவர் நமக்கிருவர்' என்று அரசு சுவரெல்லாம் எழுதியது. கருத்தடை ஆபரேஷனுக்குப் படுத்ததும் பெரும்பாலும் பெண்கள்தான்.

இப்போது பேச்சு மாறிவிட்டது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில் முதல்வர் மு.க. ஸ்டாலின், புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். தொகுதி மறுவரையறையில் இடங்கள் குறையும் என்ற பயம். பயம் நியாயமானது. பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாதென்றுதான் 1976இல் தொகுதிகளின் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தினார்கள்.

அந்த அநீதியை அரசியல் சட்டத்தில் சரிசெய்யலாம். அதற்கு எவளோ ஒருத்தி ஏன் பத்து மாதம் சுமக்கணும்? அன்று போதும் என்றோம், இன்று போதாது என்கிறோம். உனக்கு எத்தனை வேணும் என்று இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.