பட்டியல் யார் கையில்?

நோயின் அறிகுறி தெரியும் முன்பே ஆட்களைப் பரிசோதித்துப் பிரித்தெடுக்கலாமா? இதை முடிவு செய்ய வில்சன், யுங்னர் இருவரும் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதித் தந்த விதிகள் இன்றும் சமூக மருத்துவத்தில் கற்பிக்கப்படுகின்றன. சிகிச்சைக்கான வசதி இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மாணவர் எந்தக் காணொளியைப் பாதியில் விட்டார், எந்தத் தேர்வைத் திறக்கவே இல்லை என்ற இணையப் பதிவுகளைக் கொண்டு தடுமாறுவோரைத் தேடும் மருத்துவக் கல்லூரி, அந்த விதியைத் தனக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

நோக்கத்தில் குறையில்லை. பள்ளியில் முதலிடம் வாங்கியே பழகியவர் 'அனாட்டமி புரியவில்லை' என்று லேசில் வாய் திறக்க மாட்டார். பல்கலைக்கழகத் தேர்வில் தோற்ற பிறகு தெரிவதைவிட ஆறாம் வாரத்திலேயே தெரிவது மேல். தெரிந்துகொள்ள வழியிருந்தும் கண்டுகொள்ளாமல் இருப்பதும் தவறுதான்.

ஆனால் பதிவு எதைக் காட்டுகிறது? தமிழ்நாட்டில் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களில் ஒருவர் ஆங்கில விரிவுரையை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை கேட்டால், பதிவின் கணக்கில் அவர் ஆர்வம் மிக்கவர். பக்கத்து அறைக்காரர் சீனியரின் நோட்ஸை வாட்ஸ்அப்பில் வாங்கி விடுதி மாடியில் உட்கார்ந்து நன்றாகவே படிக்கிறார். கல்லூரியின் இணையப் பாடத் தளத்தின் பக்கமே போகாததால் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்ற ஏற்பாடும் இப்படித்தான் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டியது. அது பொருத்தப்பட்ட பாடங்களைக் கூடுதலாக எடுத்தவர்கள் இடைநிற்காமல் படித்தார்கள் என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. 2013-இல் விமர்சகர்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள்: இடைநிற்காததால்தானே அவர்களால் கூடுதல் பாடங்களை எடுக்க முடிந்தது?

பிழையான கணக்கைக்கூடத் திருத்திவிடலாம். அந்தக் கணக்கு தரும் பட்டியல் யார் கைக்குப் போகிறது என்பதுதான் பெரிய கவலை. அக மதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவரே இந்தப் பட்டியலையும் பார்த்தால், வைவாவில் எதிரே வந்து நிற்கும் மாணவர் முதல் பதிலைச் சொல்லும் முன்பே பாதி தோற்றுவிடுகிறார். எச்சரிக்கை முதலில் மாணவருக்கே போக வேண்டும். அடுத்து, மதிப்பெண்ணில் கை வைக்க முடியாத ஒரு வழிகாட்டிக்கு. எதையெல்லாம் பதிவு செய்கிறோம் என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிட வேண்டும். அந்த வழிகாட்டிக்கு உட்கார்ந்து பேச நேரமும் ஒதுக்கித் தர வேண்டும். அதெல்லாம் முடியாது, அப்பாவுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புவதுதான் எங்கள் சிகிச்சை என்கிற கல்லூரி இந்தப் பட்டியலைப் போடாமல் இருப்பதே நல்லது.